கோட்டு மாட்டிக்கினு எங்கடா கிளம்பிட்டே?

இன்னாடா தம்பி, ஆடி மாசப் புழுக்கத்துல கோட்டு மாட்டிக்கினு நிக்கிறே? கல்யாணத்துக்கா? ஆடியில ஏது கல்யாணம்? ஓகோ, பல்கலைக்கழகத்துல நேர்காணலா? பிஎச்.டி.க்கா? ரொம்ப சந்தோஷம். முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டிக் கொடியில போடு. பாலாத்துல தண்ணி ஓடிப் பார்த்து எம்மாம் நாளாவுது. உன் முதுகுல மட்டும் வெள்ளம் போவுது.

உக்காரு. பஸ்ஸு வர நேரமிருக்குது. தறியில உக்காந்த கெழவனுக்கு ஆராய்ச்சியப் பத்தி இன்னா தெரியும்னு நெனைக்காதே. எனக்கு ஆராய்ச்சி தெரியாது, மெய்தான். ஆனா ஆளைப் பார்க்கத் தெரியும். அதுக்குக் கோட்டும் வேணாம், டையும் வேணாம். கண்ணு இருந்தா போதும்.

பையில இன்னா? ஆராய்ச்சித் திட்டமா? தலைப்பைப் படி பார்க்கலாம். 'காஞ்சிபுரம் மாவட்டக் கைத்தறி நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலைமைகள் குறித்த பன்முகப் பரிமாண நிலைத்தன்மை நோக்கிலான ஓர் ஒருங்கிணைந்த மதிப்பாய்வு.' அப்பாடி! கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது. இதுல நெசவாளி எங்கடா? நாலாவது வார்த்தையில எட்டிப் பார்த்தான். அப்பால ஆளையே காணோம். பரிமாணம் அவன் மேல ஏறி உக்காந்துக்கிச்சு.

சரி, நீ இன்னாத்தத் தெரிஞ்சுக்கப் போறே? அத்தச் சொல்லு. நெசவாளிங்க நிலைமையா? அது எனக்கே தெரியுமே. ஒரு டீ வாங்கிக் கொடு, அது ஆறுறதுக்குள்ள மொத்தத்தையும் சொல்லிப்புடுறேன். அதுக்கு எதுக்கு உனக்கு ஆறு வருஷம்? தெரிஞ்சதைப் போயி பெரிய பெரிய வார்த்தையில எழுதறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? தெரியாதது ஒண்ணு வேணும் கண்ணு. அது உன்னைப் பிடிச்சு உலுக்கணும்.

தோ பாரு, காலையில ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி வண்டி வருது. பசங்களை அள்ளிக்கினு போவுது. அப்பன் பட்டுத் தறியில உக்காந்திருக்கிறான், புள்ள அந்த வண்டியில ஏறுறான். ஏன்? கூலி குறைச்சலா? மாசம் பொறந்தா சம்பளம் நிச்சயம்ங்கிற தைரியமா? தறிக்காரனுக்குப் பொண்ணு கொடுக்க யோசிக்கிறாங்களா? எனக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கோர்வைப் புடவைக்கு மூணு நாடா ஓடணும். பக்கத்துல உக்காந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆளு வேணும். அந்தக் காலத்துல அது வீட்டுப் பொடியன்தான். பொடியனுங்க இப்போ பள்ளிக்கூடம் போறாங்க. நல்ல காரியம், போவட்டும். அப்போ அந்த இடத்துல உக்காந்தது யாரு? பொண்டாட்டியா, கூலியாளா, இல்ல கோர்வையே விட்டுப்போச்சா? இதுல ஒண்ணைப் பிடிச்சுக்க. தலைப்பு நீளம் தானா கொறையும்.

அதுசரி, நேர்காணல்ல இன்னா கேக்கணும்னு யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களான்னு என் பேத்தியக் கேட்டேன். செல்லுல தேடிப் படிச்சுக் காட்டினா. பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல போட்ட பழைய விதியில மூணே மூணு சமாச்சாரம் சொல்லியிருந்தாங்க. ஒண்ணு, இந்தப் பையனுக்கு இந்த ஆராய்ச்சி செய்யிற தகுதி இருக்குதா? ரெண்டு, இந்த வேலையை நம்ம இடத்துல செய்ய முடியுமா? மூணு, இதால புதுசா ஏதாச்சும் அறிவு சேருமா? அவ்வளவுதான். எம்மாம் புத்திசாலித்தனமா கேட்டிருக்கிறான் பாரு. 'செய்வியா, இங்க செய்ய முடியுமா, செஞ்சா புண்ணியமுண்டா?' நம்மூர்ல கெணறு வெட்டுறவன்கூட இந்த மூணைத்தானே கேப்பான்?

ஆனா உள்ள போனா இன்னா நடக்குது? 'உன்னைப் பத்திச் சொல்லு'ன்னு ஆரம்பிக்கிறாங்க. கையில உன் பயோடேட்டா இருக்குது. நீ பொறந்த தேதியில இருந்து பத்தாவது மார்க்கு வரைக்கும் அதுல இருக்குது. படிச்சுத் தொலைய வேண்டியதுதானே? அடுத்தது, 'உன் பலவீனம் இன்னா?' நீ கோச்சிங்ல சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பே. 'வேலையில மூழ்கிட்டா எனக்கு நேரம் போறதே தெரியாதுங்க, அதான் என் பலவீனம்.' அடேய்! உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா, உன் பலவீனம் இன்னான்னு?

அப்பால இன்னொண்ணு கேப்பாங்களாம். 'அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பே?' இதுக்கு எதுக்குடா முழிக்கிறே? அதே குழுவோட 2022 விதியில தெளிவா போட்டிருக்குது. பிஎச்.டி.க்குக் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபடி பதிவு பண்ணா இன்னும் 2 வருஷம். பொம்பளைப் பிள்ளைங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் அதுக்கு மேலயும் 2 வருஷம். அதனால நீ அடக்கமா சொல்லு, 'அஞ்சு வருஷம் கழிச்சும் இங்கதாங்க இருப்பேன், மூணாவது அத்தியாயத்துல.' பொய்யில்லாத பதிலு. அவங்களுக்கும் தெரியும், அதனாலதான் சிரிப்பாங்க.

கோச்சிங்னு சொன்னேனே, அத்தையும் பேசிடுவோம். நேர்காணலுக்கு ஒத்திகை நேர்காணலாம். அதுக்கு ஒரு கட்டணம். எப்படி உக்காரணும், கையை எங்க வைக்கணும், எப்போ சிரிக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறாங்களாம். இருபத்தஞ்சு வயசுக் கழுதைக்கு உக்காரச் சொல்லிக் கொடுக்கிறதுக்குக் காசு! 'நன்றி'ன்னு பூப்படம் போட்ட கடைசி ஸ்லைடு வரைக்கும் தயார். நடுவுல இருக்க வேண்டிய கேள்விதான் இல்ல. கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா திட்டத்தையே அது எழுதிக் கொடுத்துடுதாமே? கொடுக்கட்டும். எதிர்ல உக்காந்தவரு 'ரெண்டாம் பக்கத்துல நீ சொன்னது இன்னா?'ன்னு கேட்டா அதுவா வந்து பதில் சொல்லும்?

இன்னொரு கூட்டம் இருக்குது. வெளிநாட்டுப் பேராசிரியருங்களுக்கு மெயில் போடுற கூட்டம். ஒரே கடிதம், நூறு பேருக்கு. 'மாட்சிமை பொருந்திய தங்கள் ஆராய்ச்சி என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.' கொள்ளை கொண்ட ஆராய்ச்சி எதுன்னு கேட்டா தெரியாது. ஜெர்மனிக்காரன் பேரைப் போட்டு ஜப்பான்காரனுக்கு அனுப்பிச்சுடுறான். அப்பால பதிலே வரலேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்கிறான். உனக்கே உன் கடிதத்தைப் படிக்கப் பொறுமையில்ல, அவனுக்கு இருக்குமா?

கடிதம் எப்படி எழுதணும்னு நம்ம ஊர் ஆளு ஒருத்தன் காட்டிட்டுப் போயிருக்கிறான். 1913 ஜனவரி 16. சென்னைத் துறைமுகக் கழகத்துல கணக்கெழுதுற குமாஸ்தா. மாசச் சம்பளம் 30 ரூபா. கும்பகோணத்து சீனிவாச ராமானுஜன். கேம்பிரிட்ஜில இருந்த கணக்கு வாத்தியாரு ஹார்டிக்கு எழுதினான். நான் குமாஸ்தா, பட்டமில்ல, இதுதான் என் கணக்குன்னு பக்கம் பக்கமா தேற்றங்களை எழுதி வச்சான். மாட்சிமைக்கு அதுல ஏது இடம்? அதுக்கு முன்னாடி பேக்கர், ஹாப்சன்னு அங்க இருந்த ரெண்டு பெரிய ஆளுங்களுக்கும் எழுதினான். பலனில்ல. மூணாவது ஆளு படிச்சான். கணக்கு நெசமா இருந்துச்சு, அதான் படிச்சான்.

அதுக்கும் முன்னாடி 1910 கடைசியில ராமானுஜனுக்கு ஒரு நேர்காணல் நடந்துச்சு, தெரியுமா? நெல்லூர்ல கலெக்டர் ராமச்சந்திர ராவ். கணிதச் சங்கத்துல இருந்த மனுசன். அவரு முன்னாடி போயி நின்னான். சவரம் பண்ணாத மூஞ்சி. அவ்வளவா சுத்தமில்லாத ஆளு. கக்கத்துல நஞ்சுபோன நோட்டு. கண்ணு மட்டும் பளபளன்னு. இத்த அந்தக் கலெக்டரே பின்னாடி எழுதி வச்சிருக்கிறாரு. உன் கோச்சிங் வாத்தியாரு பார்த்திருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிச்சிருப்பாரு.

கலெக்டரு இன்னா பண்ணாரு? நோட்டைப் பார்த்தாரு. முதல்ல ஒண்ணியும் புரியலன்னு ஒத்துக்கினாரு. புரியாததைப் புரிஞ்ச மாதிரி தலையாட்டல. பையன் வெறும் பேத்தல் பேசறான்னும் துரத்தல. திரும்ப வரச் சொன்னாரு. அவன் சுலபமானதுல இருந்து ஆரம்பிச்சுப் படிப்படியா கூட்டிக்கினு போனான். கடைசியில 'உனக்கு இன்னா வேணும்?'னு கேட்டாரு. பதவி கேட்டானா? வெளிநாடு கேட்டானா? சாப்பாட்டுக்கு வழி பண்ணுங்க, என் ஆராய்ச்சிய நான் பார்த்துக்கிறேன்னான். கொஞ்ச காலம் மாசம் 25 ரூபா அவரே கொடுத்தாரு.

அப்பால 1913-ல சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய்க்கு ரெண்டு வருஷம் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்துச்சு. அவனுக்கு எம்.ஏ. கிடையாது. பி.ஏ.வும் கிடையாது. எஃப்.ஏ.விலயே தேறாதவன். விதி ஒத்துக்காது. ஆனா உள்ள உக்காந்திருந்தவங்கள்ல சில பேருக்கு விவரம் இருந்துச்சு. ஆராய்ச்சிய வளர்க்கிறதும் பல்கலைக்கழகத்தோட வேலைதானேன்னு சட்டத்தைப் புரட்டிக் காட்டினாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தபா என்ன செஞ்சேன்னு எழுதிக் கொடுன்னு மட்டும் கேட்டாங்க. 1918-ல அவன் லண்டன் ராயல் சொசைட்டியில உறுப்பினன்.

'தாத்தா, நான் ராமானுஜன் இல்லியே'ன்னு இழுக்காதே. தெரியும். நாட்டுக்கு ஒருத்தன் அப்படி வந்தா பெரிசு. நான் சொல்றது அவன் மூளையப் பத்தி இல்ல, அந்த நேர்காணலப் பத்தி. ஒருத்தன் தன் சரக்கைக் காட்டினான், ஒருத்தன் பொறுமையா பார்த்தான். வேற இன்னாடா வேணும் நேர்காணலுக்கு?

தறிக்குப் புதுசா ஒரு பையனைச் சேர்க்கும்போது நான் அவன் மார்க்கைப் பார்த்ததில்ல. பாவுல ஒரு இழை அறுந்தா இன்னா பண்றான்னு பார்ப்பேன். ஒருத்தன் அக்கம் பக்கம் பார்த்துட்டு அப்படியே நெய்வான். புடவை நல்லாத்தான் தெரியும். கட்டினவ வீட்டுல பல்லிளிக்கும். இன்னொருத்தன் 'இழை அறுந்துடுச்சு'ன்னு சத்தமா சொல்லுவான், தறியை நிறுத்துவான், முடிச்சுப் போடுவான். நேரமாகும். ஆனா அவன்தான் தேறுவான். உன் ஆராய்ச்சியும் அப்படித்தான். கணக்கு உதைக்கும். எதிர்பார்த்தது வராது. அப்போ மூடி மறைச்சு எழுதுறவனா நீ, நிறுத்தி முடிச்சுப் போடுறவனா? அத்தக் கண்டுபிடிக்கத்தான் நேர்காணல். கண்டுபிடிக்கிறாங்களோ இல்லியோ, நீயாச்சும் உன்னைக் கேட்டுக்க.

அதனால ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்க. தெரியலேன்னா 'தெரியாதுங்க'ன்னு சொல்லு. நாக்கு ஒண்ணும் தேஞ்சுடாது. எல்லாம் தெரிஞ்சவனுக்கு ஆராய்ச்சி எதுக்கு? தெரியாததால்தானே போறே? அப்படியிருக்க அந்த அறைக்குள்ள நுழைஞ்சதும் ஏன் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிக்கிறே? சும்மா 'தெரியாது'ன்னு குந்திக்கினு இருக்கச் சொல்லல. 'தெரியாதுங்க, ஆனா இப்படித் தேடிப் பார்ப்பேன்'னு சொல்லு. அந்த 'ஆனா'வுக்குத்தான் மார்க்கு.

இங்கிலீஷ் வராதேன்னு பயமா? தமிழ் மீடியம்னு கூச்சமா? முதல்ல உன் ஆராய்ச்சிய டீக்கடை அண்ணனுக்குத் தமிழ்ல சொல்லிப் பாரு. அவரு டம்ளரைக் கழுவறதை நிறுத்திட்டுக் கேட்டார்னா உனக்கு விஷயம் வசப்பட்டிருக்குது. அப்பால அத்தையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமா மாத்திக்க. நாலு வார்த்தையில சொல்ல முடியாதவன்தான் நாப்பது வார்த்தையத் தேடுறான். எதிர்ல உக்காந்திருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு வீட்டுல பேசறதும் தமிழ்தான். மேசைக்கு அந்தப் பக்கம் போனதும் மறந்து போவுது.

மார்க்குக் கணக்கு இன்னான்னு கேட்டேன் பேத்திகிட்ட. 2022 விதிப்படி நுழைவுத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30-னா. நெட் பரிட்சை எழுதி, உதவித்தொகை இல்லாம தேறினவனுக்கும் 2024-ல இருந்து இதே 70-30 கணக்குத்தான். உதவித்தொகையோட, அதான் ஜே.ஆர்.எஃப்.போட தேறினவனுக்கு நேர்காணல்லதான் முடிவு. அந்த 2024 ஜூன் நெட் கூத்தைக் கேட்டியா? 18-ம் தேதி பரிட்சை. 9 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க. 19-ம் தேதி ரத்து! நேர்மையில சந்தேகம் வந்துடுச்சாம். ஆகஸ்ட், செப்டம்பர்ல மறுபடியும் வச்சாங்க. எழுதினவன் தேறினானோ இல்லியோ, வச்சவங்க தேறல.

அந்த 30 மார்க்கைச் சாதாரணமா நெனைக்காதே. எழுதினதுக்கு விடைத்தாள் இருக்குது. பேசினதுக்கு இன்னா இருக்குது? எதிர்ல இருக்கிறவரு மனசுதான். அந்த மனசுக்குள்ள இன்னா இருக்குதோ! டில்லியில ஜே.என்.யு. பல்கலைக்கழகத்துல 2016-ல அப்துல் நஃபேங்கிறவரு தலைமையில ஒரு குழு உக்காந்து பழைய மார்க்கை எல்லாம் பார்த்துச்சு. எழுத்துத் தேர்வு மார்க்குக்கும் நேர்காணல் மார்க்குக்கும் இடையில சாதிப் பிரிவுக்குத் தக்க ஒரு ஏத்த இறக்கம் தெரியுது, இது பாகுபாடு மாதிரி இருக்குதுன்னு சொல்லிச்சு. நேர்காணல் மார்க்கை 30-ல இருந்து 15 ஆக்குங்கன்னும் சொல்லிச்சு. 'அப்பா இன்னா பண்றாரு? எந்தத் தெரு? எந்த ஊரு?'ன்னு சிரிச்சுக்கினே கேப்பாங்க பாரு, அது ஆராய்ச்சிக் கேள்வியான்னு யோசி. மேல சொன்ன மூணுல அது எங்க வருது?

இதுக்குப் பழைய காலத்துல ஒரு மருந்து இருந்துச்சு. நம்மூர்ல இருந்து பஸ்ஸுல தெக்கால போனா உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லுல போயி பாரு. முதலாம் பராந்தக சோழன் காலம். 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு வெட்டி வச்சிருக்கிறாங்க. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம்னு ஒவ்வொண்ணுக்கும் ஆளெடுக்கிறதுக்கு விதி. 35 வயசுக்கு மேல, 70-க்குக் கீழ. கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம். சொந்த மனையில வீடு. படிப்பு. நேர்மையான சம்பாத்தியம். மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவன் மறுபடி வர முடியாது. இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் வரவே முடியாது. அவன் மட்டுமா? அவன் மாமனார், மச்சான், மருமகன், தாய்மாமன், பெரியம்மா சித்தி பிள்ளைங்க யாரும் வர முடியாது!

30 குடும்பு, அதான் இப்போ சொல்ற வார்டு மாதிரி. குடும்புக்குக் குடும்பு பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடணும். ஊரே கூடி நிக்கணும். உள்ளே இன்னா இருக்குதுன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலைய எடுக்கணும். வாங்குறவன் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். விரலிடுக்குல வேற ஓலை இருக்கக் கூடாது பாரு! அப்பால சத்தமா படிக்கணும், கூட இருக்கிறவங்களும் படிக்கணும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்களுக்கு நம்ம ஆளுங்களைப் பத்தி எம்மாம் தெளிவு!

உடனே மார் தட்டிக்காதே. அந்தக் குடத்துல எல்லார் பேரும் விழல. நிலமும் வேதமும் இருந்தவன் பேருதான் விழுந்துச்சு. என் தாத்தனுக்குத் தாத்தன் பேரு அதுல கெடையாது. உன்னுதும் இருந்திருக்காது. பொம்பளை பேரு கிட்டவே வரல. அது குறைதான். நீ பிஎச்.டி.க்கு ஓலைச்சீட்டு எடுக்கச் சொல்றேன்னும் நெனைக்காதே. ஆனா அந்தக் கல்லுல ஒரு விஷயம் இருக்குது. ஆளெடுக்கிறவன் கையையும் ஊரு பார்த்துச்சு. இப்போ நம்ம நேர்காணல்ல விரல் விரிச்சுக் காட்டுறது யாரு? வந்த பையன் மட்டும்தான். உள்ள உக்காந்திருக்கிறவங்க கை மேசைக்கடியில இருக்குது.

அதனால நீயும் பாரு. நேர்காணல்னா அவங்க உன்னைப் பார்க்கிறது மட்டுமில்ல. உனக்கு வழிகாட்டியா வரப் போறவரை நீயும் பார்க்கணும். ஆறு வருஷம் அவரு கையெழுத்துக்கு நிக்கப் போறே. நேர்ல கேக்க முடியாதுன்னா வெளிய விசாரி. அவருகிட்ட எத்தினி பேரு படிக்கிறாங்க? விதிப்படி பேராசிரியர்னா 8 பேரு, இணைப் பேராசிரியர்னா 6, உதவிப் பேராசிரியர்னா 4. அதுல எத்தினி பேரு முடிச்சு வெளிய வந்தாங்க? எத்தினி பேரு வெளிய வராம அங்கியே நரைச்சுக்கினு இருக்கிறாங்க? அவரு எப்போ ஓய்வு பெறுறாரு? மூணு வருஷத்துக்குள்ள ஓய்வுன்னா புது ஆளை எடுக்கக் கூடாதுன்னு விதியே இருக்குது. மாணவன் எழுதின கட்டுரையில யாரு பேரு முதல்ல வருது? மளிகைக்கடைக்கும் பேங்குக்கும் யாரு போறது? இத்தெல்லாம் கேன்டீன்ல ஒரு டீக்குச் சொல்லிடுவாங்க சீனியருங்க. அந்த டீச்செலவுக்கு யோசிக்காதே. நீ பண்ணப் போற ஆராய்ச்சியில முதல் ஆராய்ச்சி அதுதான்.

காசு விஷயமும் கேளு. கூச்சப்படாதே. ராமானுஜனே சாப்பாட்டுக்கு வழியைத்தான் முதல்ல கேட்டான். ஜே.ஆர்.எஃப். இருந்தா 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபா, அப்பால எஸ்.ஆர்.எஃப். ஆனா 42,000. அது இல்லாதவனுக்கு இன்னா? வீட்டுல எத்தினி வருஷம் தாங்குவாங்க? 'அறிவுக்காகப் படிக்கிறேன்'னு மேடையில பேசலாம். மாசக் கடைசியில வாடகை கேக்கிறவன் அறிவை வாங்கிக்க மாட்டான்.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பாருன்னு கேக்கிறியா? காஞ்சிபுரம் பக்கத்துல, நம்ம ஓரிக்கையில உக்காந்துக்கினு இத்தப் போயி கேக்கலாமா? திருமழிசை ஆழ்வார் கதை உங்க ஆயா சொல்லலியா? அவரு சீடன் கணிகண்ணன். பல்லவ ராஜா பாடச் சொன்னான், இவன் மாட்டேன்னுட்டான். 'ஊரை விட்டுப் போ'ன்னான் ராஜா. சீடன் கிளம்பினான். வாத்தியாரு இன்னா பண்ணாரு? 'ராஜாகிட்ட பகைச்சுக்காதே, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு'ன்னாரா? கமிட்டி போட்டாரா? அவரும் கூடவே கிளம்பிட்டாரு. திருவெஃகாவுல படுத்திருந்த பெருமாளையும் எழுப்பினாரு. பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கினு பின்னாடியே நடந்தாரு. மூணு பேரும் அந்த ராத்திரி தங்கினது நம்ம ஓரிக்கையிலதான்னு சொல்லுவாங்க. ராஜா பதறி ஓடியாந்து கெஞ்சின பொறவுதான் திரும்பிப் போனாங்க. சீடனுக்காக ஊரைத் துறந்த வாத்தியாரு! இப்போ இருக்கிறவங்ககிட்ட அம்மாம் எதிர்பார்க்காதே. லீவு லெட்டர்ல முகம் சுளிக்காம கையெழுத்துப் போட்டா போதும், பெருமாளே வந்த மாதிரி நெனைச்சுக்க.

கெடைக்கலேன்னா இன்னா பண்றதுன்னு கேக்கிறே. கெடைக்கலேன்னா கெடைக்கல. கால் மணி நேரம் பேசிட்டு உன் மூளையை அளந்துட்டோம்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு வா. சில சமயம் உனக்குத் தகுதியில்லாம இருக்கும். சில சமயம் அங்க இடமிருக்காது. சில சமயம் அந்த இடம் வேற யாருக்கோ முன்னாடியே துண்டு போட்டு வச்சதா இருக்கும். மூணுல எதுன்னு நெஞ்சைத் தொட்டு யோசி. முதலாவதுன்னா திரும்பப் படி. மத்த ரெண்டுல ஒண்ணுன்னா வேற கதவைத் தட்டு. எல்லாத் தோல்விக்கும் அவங்கதான் காரணம்னு சொல்லித் திரியாதே. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு மூலையில குந்தியும் அழாதே.

கெடைச்சா மட்டும் தலைகால் புரியாம ஆடாதே. பேருக்கு முன்னாடி முனைவர்னு போட இன்னும் காலமிருக்குது. சேர்ந்த மறுநாளே போர்டு எழுதக் குடுக்கிறவனுங்களை எனக்குத் தெரியும். போர்டு துருப்பிடிச்சுப் போச்சு, புத்தகம் இன்னும் முடியல.

கடைசியா ஒண்ணு. அவங்க எத்தையோ கேப்பாங்க, நீ எத்தையோ சொல்லுவே. அது 30 மார்க்கோட முடிஞ்சுடும். போற வழியில நீயே உன்னை ஒரு கேள்வி கேட்டுக்க. இந்த விஷயம் தெரியாமலே போனா உனக்கு ஏதாச்சும் வருத்தமிருக்குமா? வருத்தமில்லேன்னா இப்பவே திரும்பி வந்துடு. வேற நல்ல வேலை எத்தினியோ இருக்குது, அதுல ஒண்ணும் கேவலமில்ல. வருத்தமிருக்கும்னா தைரியமா உள்ள போ. அந்த நீளத் தலைப்பை அடிச்சுட்டு, உனக்கு இன்னா தெரியணுமோ அத்த ஒரே வரியில எழுதி எடுத்துக்கினு போ.